கமராவை எறிந்துபோடாதே, தம்பி

வாழைச்சேனை,
18.02.2024.

அன்பின் தம்பிக்கு,

அத்தானின் சீனி வருத்தம் கட்டுக்குள் இருக்கிறது. மாரி ஓய்ந்துவிட்டது. ஆனால் கதவுப் பலகையெல்லாம் இன்னும் ஊதித்தான் கிடக்கிறது, காலையில் தள்ளித்தான் திறக்க வேண்டும்.

வீடு மாறப்போகிறோம், பழைய வீடியோக் கமராவை எறியட்டா என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய். அதற்கு இரண்டு வரியில் பதில் போட எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். மேசையில் கமராவுக்குப் பக்கத்தில் விரித்து வைத்து, அழுக்குக் கையோடு பார்ப்பதற்குத் தாள்தான் வசதி. பின்பக்கத்தில் படமும் கீறியிருக்கிறேன்.

எறிந்துபோடாதே. கசெற்றுகளை மட்டும் வைத்துக்கொண்டு கமராவை விட்டுவிடலாம் என்றும் நினைக்காதே. நம்மட வீட்டில் ரீவிக்குக் கீழே இருந்த வீடியோ பிளேயரில் போட்டுப் பார்க்கிற கசெற் இல்லை இது. அந்த விஎச்எஸ் கசெற்றின் நாடா 12.7 மில்லிமீற்றர் அகலம். உன்ட கமராவுக்கும் எங்கட கமராவுக்கும் போவது 8 மில்லிமீற்றர் நாடா. 1985இல் வீடியோ8 என்று வந்தது, 1989இல் தரம் கூடி ஹை8 ஆனது. விஎச்எஸ்-சி என்று வேறொரு சின்னக் கசெற் இருந்தது, அதை ஒரு கூட்டுக்குள் வைத்துப் பெரிய பிளேயரில் ஓட்டலாம். எட்டு மில்லிமீற்றருக்கு அப்படி ஒரு கூடு செய்யவே முடியாது, ஏனென்றால் நாடாவின் அகலமும் வேறு, படம் அதில் பதிகிற முறையும் வேறு. அதனால் படம் எடுத்த கமராதான் அதைக் காட்டுகிற கருவியும்.

அங்கே பாவித்த கமரா ஒன்று மலிவாக வாங்கலாமே என்று நீ கேட்பாய். ரொறன்ரோவில் விற்றதெல்லாம் என்டிஎஸ்சி முறை. அது செக்கனுக்கு ஏறக்குறைய 30 படம், ஒரு படத்துக்கு 525 கோடு. நம்மட நாட்டு ரீவி பீஏஎல் முறை, செக்கனுக்கு 25 படம், 625 கோடு. அத்தான் கட்டாரில் வாங்கினதும் பீஏஎல்தான், நீ கனடாவுக்குப் போகமுதல் கொழும்பில் வாங்கினதும் பீஏஎல்தான். கசெற்றின் முதுகைப் பார், பி5-90 என்று இருக்கும். ஐந்து என்பது எங்கட மாதிரி 50 ஹேர்ட்ஸ் நாடுகளுக்குரிய அடையாளம், 90 என்பது நிமிடம். வட அமெரிக்காவில் விற்ற கசெற்றில் பி6 என்று இருக்கும். அங்கே கடையில் டிஜிட்டலாக மாற்றித் தருகிறார்கள் என்றால், பீஏஎல் ஓட்டுகிற இயந்திரம் இருக்கிறதா என்று முதலில் கேள். அது இல்லாத கடையில் எங்கட நாடாவைக் கொடுத்துப் பயனில்லை. உன்ட அலுமாரியில் அந்த இயந்திரம் இருக்கிறது. ஓடவில்லை, அவ்வளவுதான்.

எங்கட கமராவும் வருடக்கணக்காக ஓடாமல்தான் கிடந்தது. கரண்ட் கொடுத்தால் லைற் எரியும், கசெற் பெட்டி திறக்கும், கசெற்றை வைத்து மூடினால் உள்ளே ஒரு முனகல் சத்தம், பிறகு தானாக நின்றுவிடும். கொழும்பில் ஒரு கடையில் கொடுத்துப் பார்த்தோம். இதற்குச் சாமான் வராது, புதிசு வாங்குங்கோ என்று திருப்பித் தந்துவிட்டார்கள். 2022இல் புதிசு வாங்குகிற கதையும் முடிந்தது. வருடத் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபாவைத் தாண்டியது, கன சாமான்களுக்கு இறக்குமதித் தடை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. வாழைச்சேனை முழுக்க அந்த வருடம் திருத்துகிற கைகளை நம்பித்தான் இருந்தது. மின்விசிறி, ரைஸ் குக்கர், தண்ணிப் பம்பி என்று எதையும் ஒருத்தரும் எறியவில்லை. நானும் முன் விறாந்தையில் மேசையைப் போட்டு, பகல் வெளிச்சத்தில் கமராவைக் கழற்ற உட்கார்ந்தேன்.

அப்பா கடதாசி மில்லில் பராமரிப்புப் பகுதியில் இருந்தவர். 1956இல் வேலை தொடங்கிய மில், வைக்கோலைக் கூழாக்கிக் கடதாசி செய்த பெரிய இயந்திரங்கள். கெட்டுப்போன ஒன்றைத் தொடமுதல் அது எப்படி ஓட வேண்டியது என்று முழுசாகச் சொல்லிப்போட்டுத்தான் அப்பா ஸ்பனரை எடுப்பார். உனக்கும் அது ஞாபகம் இருக்கும். அதனால் முதலில் கமரா எப்படி ஓடுகிறது என்று எழுதுகிறேன்.

கசெற்றை வைத்து மூடியதும் ஒரு சின்ன மோட்டர் இரண்டு கம்பங்களை நகர்த்தும். அவை நாடாவைக் கசெற்றுக்குள்ளிருந்து வெளியே இழுத்து, பளபளப்பான உலோக உருளை ஒன்றைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும். அந்த உருளையை ட்றம் என்பார்கள். எங்கட கமராவில் அது 40 மில்லிமீற்றர் விட்டம், கொஞ்சம் சரிவாக நிற்கிறது. அதில் இரண்டு ஹெட் எதிரெதிராகப் பதிந்திருக்கின்றன. ட்றம் நிமிடத்துக்கு 1500 தரம் சுற்றுகிறது. கணக்குப் பார், செக்கனுக்கு 25 சுற்று, பீஏஎல்லின் 25 படத்துக்கு ஒரு படத்துக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு ஹெட்டும் அரைச் சுற்றில் ஒரு சரிந்த கோட்டைப் படிக்கிறது, இரண்டு கோடு சேர்ந்தால் ஒரு படம். நாடாவோ மெதுவாக, செக்கனுக்கு 2 சென்ரிமீற்றர் அளவில்தான் நகர்கிறது. இதில் நான் வியந்த இன்னொரு விஷயம், எட்டு மில்லிமீற்றரில் குரலும் அந்தச் சுற்றுகிற ஹெட்டுகளாலேயே, படத்தோடு சேர்ந்து அதே சரிந்த கோட்டில் பதிகிறது. பழைய விஎச்எஸ்ஸில் குரல் நாடாவின் ஓரத்தில் தனியாகப் போகும், ஹெட் அழுக்கானாலும் ஆள் பேசுவது கேட்கும். எங்கட கமராவில் ஹெட் அழுக்கானால் முகமும் போகும், குரலும் போகும்.

கமராவுக்குள் ஒரு காவல் ஏற்பாடும் இருக்கிறது. ட்றம் சுற்றவில்லை, அல்லது கம்பங்கள் தங்கள் இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தால், நாடா அறுந்துவிடாமல் இருப்பதற்காக அது எல்லாவற்றையும் நிறுத்திவிடும். முனகிவிட்டுத் தானாக நிற்கிற கமரா இப்படித் தன்னை நிறுத்திக்கொண்ட கமராவாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஏன் நிறுத்தியது என்று தேடுவதுதான் நம்மட வேலை.

உன்ட கமராவில் கரண்டே வரவில்லை என்றாய். பற்றரியை நம்பாதே, இத்தனை வருடம் சும்மா கிடந்த பற்றரி செத்திருக்கும். ஊதியிருந்தால் அதைத் திறந்து பார்க்காமல் பற்றரி சேர்க்கிற இடத்தில் கொடுத்துவிடு. கமராவோடு வந்த அடெப்டரில் 100–240 வோல்ற்று என்று எழுதியிருந்தால் அங்கேயும் அதைப் பாவிக்கலாம். அதைச் செருகி ஓன் செய்து பார். லைற் எரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. சின்னத் திரையில் நீர்த்துளி அடையாளம் வந்தால் உள்ளே ஈரம் என்று அர்த்தம். குளிருக்குள் இருந்து சூடான வீட்டுக்குள் கொண்டுவந்ததும் உடனே ஓட்டாதே, உலோக ட்றம்மில் பனி படிந்து நாடா ஒட்டிவிடும். பொலித்தீன் பையில் சுற்றி, வீட்டுச் சூட்டுக்கு வரும்வரை விட்டுவிடு.

கழற்றுகிறபோது அடெப்டரையும் பற்றரியையும் எடுத்துவிட்டுத் தொடங்கு. கண்ணை வைத்துப் பார்க்கிற குழாய் இருக்கிறதே, பழைய கமராக்களில் அதற்குள் ஒரு சின்னப் படக்குழாய், அதற்கு ஆயிரக்கணக்கான வோல்ற்று போகும். அந்தப் பக்கத்தைத் திறக்காதே, அங்கே நமக்கு வேலையும் இல்லை. ஸ்குறூக்கள் யப்பான் நாட்டு நட்சத்திரத் தலை. சாதாரண நட்சத்திர ட்றைவர் அதில் சரியாக உட்காராது, தலை தேய்ந்துபோகும். யப்பான் அளவுக்குரிய சின்ன ட்றைவர் தனியாக விற்கிறார்கள், அதற்கு மட்டும் காசு பார்க்காதே. ஒவ்வொரு ஸ்குறூவும் வேறு வேறு நீளம். நீளமானதைத் தவறான துளையில் பூட்டினால் உள்ளே இருக்கிற பலகையைக் குத்திவிடும். ஒரு தாளில் கமராவின் படத்தைக் கீறி, எடுத்த இடத்திலேயே ஸ்குறூவைச் செலோரேப்பால் ஒட்டு. அப்பா மில்லில் சோக்கட்டியால் சீமெந்து நிலத்தில் கீறி அதன்மேல் நட்டு வைப்பார், நீ பார்த்திருக்கிறாய்.

மூடியைத் திறந்ததும் உடனே இழுக்காதே. மூடிக்கும் உள்ளுக்கும் இடையில் தட்டையான ரிபன் வயர் போகும். அது பூட்டப்பட்ட இடத்தில் ஒரு மெல்லிய பூட்டு இருக்கும், சிலது மேலே தூக்குவது, சிலது பக்கவாட்டில் இழுப்பது. பூட்டைத் திறந்தால் வயர் தானாக வரும், பலம் போட்டால் முறியும். இதைச் செய்ய மருமகளைக் கூப்பிடு. அவளுடைய விரலும் சின்னது, கண்ணும் கூர்மை. இன்னொன்று, ஊரில் இந்த ஈரக் காற்றில் நிலைமின் தொல்லை குறைவு. உங்கட வீட்டுக்குள் குளிர்காலக் காற்று உலர்ந்திருக்கும், கதவுப் பிடியைத் தொட்டாலே சுரீர் என்கிறது என்று மச்சாள் சொல்லியிருக்கிறா. அந்தச் சுரீர் ஒரு சிப்பைக் கொன்றுவிடும். கம்பளி உடுப்போடு உட்காராதே. நிலத்தோடு தொடர்புள்ள உலோகம் ஒன்றைத் தொட்டுத் தொட்டுத்தான் வேலை செய்.

எங்கட கமராவில் முதல் குற்றவாளி கிறீஸ். பல்லுச்சக்கரங்களுக்கு யப்பானில் பூசிய கிறீஸ் இத்தனை வருடத்தில் காய்ந்து மெழுகு மாதிரி இறுகியிருந்தது. கம்பங்கள் பாதி வழியில் நின்றுவிட்டன, கமரா தன்னைக் காப்பாற்றிக்கொண்டு நிறுத்திவிட்டது. அவ்வளவுக்குத்தான் கொழும்பில் புதிசு வாங்கச் சொன்னார்கள். ஐசோபுரொப்பைல் அற்ககோலைப் பல்லுக்குத்தியின் முனையில் தொட்டு, ஒவ்வொரு பல்லாகப் பழைய கிறீஸை எடுத்தேன். பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை, அவசரப்படாதே. பிறகு பிளாஸ்ரிக்குக்குப் பாதகம் செய்யாத மெல்லிய செயற்கைக் கிறீஸ் கொஞ்சம், உலோக அச்சுகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஊசி முனையளவு. ஊரில் இறுகின எதற்கும் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் இருக்கிறது, அதை இதில் செய்யக் கூடாது. குளிரில் அது உறைந்து மறுபடி பிடித்துக்கொள்ளும். துரு எடுக்கிற ஸ்ப்ரேயும் வேண்டாம், அது ரப்பரில் பட்டால் ரப்பர் போய்விடும்.

உன்ட கமராவுக்குள் ஒரு கசெற் சிக்கி நிற்கிறது என்றாயே, அதுதான் எனக்கு முக்கியம். அதை விரலால் இழுக்காதே. சாவணத்தாலும் இழுக்காதே. கம்பங்களை நகர்த்துகிற அந்தச் சின்ன மோட்டரின் இரண்டு முனைகளிலும் இரண்டு பென்ரோர்ச் பற்றரியிலிருந்து, அதாவது 3 வோல்ற்று, வயரால் தொட்டுப் பார். ஒரு பக்கம் தொட்டால் உள்ளே இழுக்கும், முனைகளை மாற்றினால் வெளியே தள்ளும். ஒரு கணம் தொடு, பார், மறுபடி தொடு. நாடா தொய்ந்து தொங்கினால் நிறுத்தி, கசெற்றின் சக்கரத்தைக் கையால் சுற்றி உள்ளே எடு. மோட்டரைத் தொட இடம் இல்லாவிட்டால் அதன் முனையில் இருக்கிற புழுச்சக்கரத்தை விரலால் சுற்றினாலும் போதும், நேரம்தான் எடுக்கும்.

ட்றம்மைச் சுத்தம் செய்வதைப் பற்றிக் கவனமாக வாசி. பஞ்சு சுற்றிய குச்சியை ஹெட்டில் வைக்கவே வைக்காதே. ஹெட் என்பது தூசி அளவு கல், அதன் நடுவில் இருக்கிற இடைவெளி ஒரு மைக்குரோமீற்றருக்கும் குறைவு. நம்மட தலைமயிர் அதைவிட எத்தனையோ மடங்கு தடிப்பு. பஞ்சின் ஒரு இழை கொளுவினால் ஹெட் பெயர்ந்துவிடும், அதோடு எல்லாம் முடிந்தது. பிறிண்டருக்குப் போடுகிற வெள்ளைத் தாளை விரலகலத்துக்கு வெட்டி, அற்ககோலில் நனைத்து, ட்றம்மின் பக்கத்தில் மெதுவாகப் பிடித்துக்கொள். தாளை அசைக்காதே. ட்றம்மின் மேல் விளிம்பை விரல் நுனியால் பிடித்து ட்றம்மைத்தான் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்க்கக் கூடாது. தாளில் மண்ணிறக் கோடு விழும். புதுத் தாளில் கோடு விழாதவரைக்கும் மாற்றி மாற்றிச் செய். நாடாவை அழுத்திப் பிடிக்கிற ரப்பர் உருளைக்கு இலேசான சவர்க்காரத் தண்ணி போதும். முழுக்கக் காய்ந்த பிறகுதான் கசெற்றை வைக்க வேண்டும்.

கிறீஸை மாற்றின பிறகு எங்கட கமரா சுற்றியது, ஆனால் படத்தில் நிறம் வரவில்லை, குரலும் இல்லை. அது கண்டென்சர் நோய். எண்பதுகளின் கடைசியிலிருந்து தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரைக்கும் வந்த கன கமராக்களில் பலகைமேல் ஒட்டின சின்ன உலோகத் தகரக் குப்பிகள் இருக்கும். அவற்றுக்குள் இருக்கிற திரவம் காலப்போக்கில் கசிந்து, கீழே இருக்கிற செப்புக் கோடுகளை அரிக்கும். அது எந்தக் கம்பனியின் கமரா என்றில்லை, அந்தக் காலத்து உற்பத்தியில் பொதுவாக இருந்த குறை. கைவில்லையால் பார்த்தால் குப்பியின் அடியில் பச்சையாகவோ மங்கலாகவோ தெரியும். சோல்டரிங் ஐயனைச் சூடாக்கி வைத்தால் மீன் நாற்றம் வரும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த நமக்கு அந்த மணத்தை அடையாளம் காண ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அந்த வேலையை என்ட கையால் செய்ய முடியவில்லை, குப்பிகள் அரிசியை விடக் கொஞ்சம்தான் பெரிசு. ஓட்டமாவடியில் போன் திருத்துகிற ஒரு பெடியன் இருக்கிறான், சூடான காற்று ஊதிப் பாகங்களைக் கழற்றுகிற கருவி அவனிடம் உண்டு. போனுக்குள் இதைவிடச் சின்னதை மாற்றிப் பழகின கை. ஆனால் நாடா ஓடுகிற இயந்திரத்தை அவன் வாழ்க்கையில் பார்த்ததில்லை. நான் மூடியைத் திறந்து வைத்து ட்றம் சுற்றுவதைக் காட்டியபோது கடைக்குள் வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான். டீச்சர், இதை யோசிச்ச ஆள் பெரிய ஆள் என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. காசு வாங்க மறுத்துவிட்டான். உங்கட பக்கத்திலும் போன் திருத்துகிற கடை இருக்கும். கமரா என்று சொன்னால் வேண்டாம் என்பார்கள். பலகையை மட்டும் கழற்றிக் கொண்டுபோய், இந்தக் கண்டென்சர்களை மாற்றித் தாருங்கள் என்று கேள். எந்த இடத்தில் எத்தனை மைக்குரோபராட், எத்தனை வோல்ற்று, எந்தப் பக்கம் நேர் முனை என்பதைக் கழற்றமுதல் படம் எடுத்து எழுதி வை. முனை மாறினால் வெடிக்கும்.

இனி, ஏன் உன்னை இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதைச் சொல்கிறேன்.

திரும்ப ஓடத் தொடங்கியதும் நான் போட்ட கசெற்றுகளில் ஒன்று கல்குடாவில் நடந்த சித்தப்பா மகளின் கலியாணம். 1999. அன்றைக்கு இரண்டு கமரா, அத்தானுடையதும் நீ விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்ததும். அத்தான் மணவறைக்குப் பக்கத்தில் நின்றார், நீ பந்திப் பக்கம் நின்றாய். எங்கட நாடாவில் தாலிகட்டு முடிந்ததும் கமரா ஒருக்கால் பந்தல் பக்கம் திரும்புகிறது. தண்ணிச் செம்போடு ஒரு சின்னப் பெடியன் குறுக்கே ஓடுகிறான், கமராவைக் கண்டு நின்று சிரிக்கிறான், பிறகு போய்விடுகிறான். அவன் ஆரென்று எனக்கு உடனே தெரிந்தது. என்னிடம் ஆறாம் வகுப்பில் விஞ்ஞானம் படித்தவன். 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தபோது போய்விட்டான். அந்த வீட்டில் ஒரு படமும் மிஞ்சவில்லை. கடற்கரைப் பக்கத்து வீடுகளில் அல்பம் என்று ஒன்று தப்பின வீடு எத்தனை என்று நினைக்கிறாய்? நம்மட வீடு ஆற்றுப்பக்கம் என்றபடியால்தான் இந்தக் கசெற்றுகள் அலுமாரியில் இருந்தன.

அவன்ட தாயிடம் ஆள் அனுப்பினேன். வந்தா. திரும்பத் திரும்பப் பார்த்தா. அழுவா என்று பயந்து நான் பக்கத்திலேயே இருந்தேன். அவ அழவில்லை. அந்தச் சேட்டு நான் தைச்சது என்றா. பிறகு, இதுக்குப் பிறகு அவன் என்ன செய்தான் கா, சாப்பிட்டானா என்று கேட்டா. அவன் ஓடியது பந்திப் பக்கம். அங்கே நின்றது உன்ட கமரா.

அந்தக் கசெற் உன்னிடம் இருக்கிறது. உள்ளே சிக்கி நிற்பது அதுவாகவும் இருக்கலாம். அதற்காகத்தான் இழுக்காதே இழுக்காதே என்று எழுதுகிறேன். அதில் அவன் இருப்பான் என்று நான் அவவுக்குச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீ பார்த்துச் சொன்ன பிறகுதான் சொல்வேன்.

கசெற்றுகளைப் பற்றி இன்னும் கொஞ்சம். எதையும் நேரே கமராவுக்குள் வைக்காதே. கண்ணாடி வழியாக நாடாச் சுருளின் ஓரத்தைப் பார். வெள்ளையாகத் தூள் மாதிரியோ நூல் மாதிரியோ தெரிந்தால் அது பூஞ்சணம். ஊரில் எடுத்து, ஊர் ஈரத்தோடு பெட்டியில் போன கசெற்றுகளில் அது இருக்கலாம். பூஞ்சணம் பிடித்ததை ஓட்டினால் சுத்தமான ஹெட்டும் அழுக்காகும், அடுத்ததாக வைக்கிற கசெற்றுக்கும் பரவும். அதைத் தனியாகச் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடின பெட்டியில் வை. வெயிலிலும் ஹீற்றரிலும் காயவைக்காதே. அதைப் பிறகு பார்ப்போம். சுத்தமாக இருப்பதை ஒருக்கால் முழுக்க முன்னுக்கு ஓட்டி, முழுக்கப் பின்னுக்குச் சுற்று. பல வருடம் ஒரே நிலையில் இறுகியிருந்த சுருள் அப்போதுதான் தளரும்.

முதலில் தேவையில்லாத கசெற் ஒன்றில் பரீட்சை பார். கமரா நாடாவைக் கடிக்கவில்லை என்று நிச்சயமான பிறகுதான் கலியாணக் கசெற். அதையும் சும்மா போட்டுப் பார்க்காதே. முதல் தரம் ஓடுகிறபோதே கொம்பியூட்டரில் பதிவாக வேண்டும். இந்த வயதில் ஒரு நாடா எத்தனை தரம் ஓடும் என்று ஒருத்தராலும் சொல்ல முடியாது. யூஎஸ்பியில் செருகுகிற வீடியோப் பதிவுக் கருவி ஒன்று வாங்கு. உன்ட கமரா ஹை8 என்றால் எஸ்-வீடியோ என்ற வட்டத் துளை இருக்கும், மஞ்சள் வயரைவிட அதில் நிறமும் கோடும் தெளிவு. கொம்பியூட்டரில் பீஏஎல் என்று மாற்ற மறக்காதே, அங்கே வாங்கும் கருவி என்டிஎஸ்சியில் நின்றால் படம் கறுப்புவெள்ளையாக உருண்டுகொண்டே இருக்கும். கமரா பழுது என்று நினைத்துவிடுவாய். பதிந்ததை ஒரு இடத்தில் மட்டும் வைக்காதே, உன்னிடம் ஒன்று, எனக்கு ஒன்று, வேறு வீட்டில் ஒன்று.

எல்லாம் செய்தும் முடியவில்லை என்றால், கமராவையும் கசெற்றுகளையும் பார்சலில் போடாதே. விமான நிலையத்து எக்ஸ்ரே காந்த நாடாவை ஒன்றும் செய்யாது, அதற்குப் பயமில்லை. காணாமல் போவதற்கும், கொள்கலனுக்குள் சூட்டில் கிடப்பதற்கும்தான் பயம். ஓகஸ்டில் வருவதாகச் சொன்னாயே, கைப்பையில் வைத்துக் கொண்டுவா. எங்கட கமரா இப்போது ஓடுகிறது, இரண்டு பேரும் இருந்து பதிவோம். ஆனால் அதுவரை காத்திருக்க எனக்கு விருப்பமில்லை. அவவுக்கும் வயது போகிறது.

திறக்கிறபோது ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து அனுப்பு. உங்கட இரவு பத்து மணி எங்கட காலை எட்டரை, நான் எழும்பி மேசையில்தான் இருப்பேன். ரிபன் வயரின் பூட்டு எந்த மாதிரி என்று தெரியாவிட்டால் கேட்டுவிட்டுத் தொடு. கமராவின் அடியில் ஒட்டியிருக்கிற மொடல் இலக்கத்தை இன்றைக்கே எழுதி அனுப்பு, சேர்விஸ் மனுவல் கிடைக்குமா என்று அந்த ஓட்டமாவடிப் பெடியன் தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

மச்சாளுக்கு என்ட அன்பைச் சொல். மருமகளுக்கு ட்றைவர் செற் வாங்க நான் காசு தருவேன், மாமியின் கணக்கு. அத்தான் சுகம் விசாரிக்கச் சொன்னார்.

இப்படிக்கு,
அன்புள்ள அக்கா

பி.கு. வீடு மாறுகிறபோது கமராப் பெட்டியை லொறியில் ஏற்றாதே. காருக்குள், உன்ட காலடியில் வைத்துக் கொண்டுபோ.